சூசையின் தோணி கரை சேர வேண்டும்

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன இந்த இரண்டு கைகள் மேல் சத்தியம் தம்பி, இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் கிடையாது. பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொல்கிறேன். பொய் என்றால் இந்த வண்டி இந்தப் பாலத்தோடு நின்றுபோகட்டும். பார்த்தீர்களா, நிற்கவில்லை. இந்த டிரைவர் கியர் போடுகிற லட்சணத்துக்கு இனிமேல் எங்காவது நின்றாலும் நிற்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

உங்கள் கையில் அந்த வாரப் பத்திரிகை இருப்பதைப் பார்த்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். அதில் கடலோரத்து ஊரைப் பற்றி ஒரு தொடர்கதை வருகிறதே, படிக்கிறீர்களா? இல்லையா? நல்லது. படித்தவர்களிடம் பேசினால் நடுவில் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

அதை எழுதுகிறவர் வைத்தியலிங்கம். எங்கள் ஊர் பேங்கில் கேஷியராக இருந்தார், இப்போது மதுரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவரைப் பார்க்கத்தான் போகிறேன். ஒரு உயிர் விஷயம்.

என் பெயர் ஆவுடையப்பன். ஊரில் டிரைவர் என்றால்தான் தெரியும். நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினவன். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை எந்த ஊரில் டீ நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். வேண்டாம், இப்போது கேட்காதீர்கள், கதை மாறிவிடும்.

வைத்தியலிங்கம் எங்கள் ஊரில் இருந்தபோது, சாயங்காலம் பேங்கை மூடினதும் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவார். நான் பேசாத நாள் கிடையாது, அவர் பேசின நாள் கிடையாது. என் அனுபவம் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். திம்பம் மலைப்பாதையில் வெல்ல லோடோடு ஏற முடியாமல் நின்றேனே, அப்போது ஒரு யானை வந்து பின்னால் முட்டுக்கொடுத்து மேலே தள்ளிவிட்டதே, அது. மேலே போனதும் வண்டியை நிறுத்தி இரண்டு மண்டை வெல்லம் எடுத்துக் கொடுத்தேன். அது ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்துவிட்டது. அந்தக் காலத்து யானை. பீகாரில் கொள்ளைக்காரர்கள் வழிமறித்துவிட்டு, நான் பேசினதைக் கேட்டு மனசு இளகி, சோறு போட்டு, மறுநாள் எல்லை வரை கூட வந்து அழுதுகொண்டே அனுப்பிவைத்தார்கள். அதுவும் சொல்லியிருக்கிறேன். அவர் டீ ஆறிப்போனது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டேன். "சார் கதை எழுதுவீங்களாமே. ஆளுக்கு எங்க போவீங்க?"

"ஆளுங்க தானா வருவாங்க அண்ணாச்சி" என்றார்.

"வந்துதான் உக்காந்திருக்கேனே" என்றேன்.

அதற்கு ஒரு மாதிரி தலையை ஆட்டினார். நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தானே எடுத்துக்கொள்வீர்கள்?

அவர் மதுரைக்குப் போனார், தொடர்கதை ஆரம்பித்தது. இங்கே எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். டீக்கடைக்குப் பக்கத்தில் பத்திரிகைக் கடை. வைத்திருப்பவள் செண்பகவல்லி. ஐம்பது தாண்டின பொம்பளை. புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், ஒரு வெள்ளத்தில் என்ன ஆனார் என்றே தெரியாமல் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் கடைதான். காசு கொடுக்காமல் ஒரு பக்கம் புரட்ட முடியாது, "என்ன, விசிறவா எடுத்தீரு?" என்று கேட்டுவிடுவாள். ஆனால் வியாழக்கிழமை காலையில் கட்டு வந்து இறங்கினதும் அவளே ஒன்றை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தத் தொடர்கதையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பாள். அப்படி ஒரு குரல். ரேடியோவில் செய்தி வாசிக்கவேண்டியவள்.

ஊரில் எல்லாரையும் அவள் அண்ணாச்சி என்பாள். என்னை மட்டும் டிரைவரே என்பாள். இதைச் சும்மா சொன்னேன், நீங்கள் ஒன்றும் நினைக்கவேண்டாம்.

முதல் வாரமே ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார், கதையில். புளியை நிறுத்துப் போட்டு, காகிதத்தில் மடிக்கும்போது ஒரு கிள்ளு திரும்பி எடுத்துக்கொள்கிறவர். அவ்வளவுதான், எல்லார் தலையும் எங்கள் ஊர் மளிகைக்கடை தங்கப்பழம் பக்கம் திரும்பிவிட்டது. டீ மாஸ்டர் மாடசாமி சொன்னான், "கதையில வந்துட்டீரு, எல்லாருக்கும் டீ சொல்லும்வே." தங்கப்பழம் பிறந்ததிலிருந்து யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. அன்றைக்குச் சொன்னார். சொல்லிவிட்டுப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் கடையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கிள்ளினார். எழுத்தில் வந்துவிட்டது, குறைத்தால் நன்றாகவா இருக்கும்?

அன்றையிலிருந்து அது ஊர் வழக்கமாகிவிட்டது. எவன் அந்த வாரம் கதையில் வந்தானோ அவன் டீ வாங்கித் தரவேண்டும். முதலில் பயந்தார்கள். அப்புறம் போட்டி வந்துவிட்டது. கதையில் ஒருத்தர் காதில் பென்சில் செருகியிருந்தால் மறுநாள் நாலு பேர் பென்சிலோடு வருவார்கள்.

நான் பதறவில்லை. நமக்குக் கதாநாயகன் இடம் இருக்கிறது, அவசரப்படக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்பீர்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன. நான் தனி ஆள். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்தச் செண்பகம் ஒரு வியாழக்கிழமை என்னைப் பற்றி வாசிக்கவேண்டும், வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நேரில் நான் சொன்னால் புளுகு என்பாள். பேங்க் ஆபீசர் எழுதினால் நம்புவாள் அல்லவா.

கதாநாயகன் வந்தான். ஓமியோபதி டாக்டர். நிமிர்ந்து நடப்பான், அளந்து பேசுவான். செண்பகம் வாசித்து முடித்ததும் நான் எழுந்தேன். "மாடசாமி, எல்லாருக்கும் டீ போடு. இது நான்தான்."

"நீரா?" என்றான் மாடசாமி. "அளந்து பேசுதவன்னுல்லா போட்டிருக்கு. நீரு அளக்குதவரு."

பயல்கள் உருண்டு சிரித்தார்கள். அதற்குள் எங்கள் ஊர் ஓமியோபதி டாக்டர் கைலாசம் கனைத்துக்கொண்டு முன்னால் வந்து டீக்குச் சொல்லிவிட்டார். அந்த ஆளிடம் என்ன இருக்கிறது தம்பி? சீனி மாத்திரைதானே இருக்கிறது.

சரி, போகட்டும். அடுத்த வாரம்தான் அந்தத் தோணிக்காரன் வந்தான். சூசை என்று பெயர். கடலுக்குப் போகிற காலமெல்லாம் முடிந்து, வயதான காலத்திலும் சும்மா இராமல் சின்னத் தோணி ஒன்று வைத்திருக்கிறான். பார்க்கிறவனை எல்லாம் பிடித்து உட்காரவைத்துப் பேசுவான். வாயைத் திறந்தால் "துடுப்பு பிடிச்ச கை மேல ஆணை" என்பான். அப்புறம் வருவது பூராவும் பொய். அவன் தோணி சுழலில் மாட்டிக்கொண்டதாம், ஒரு திமிங்கலம் வந்து பின்னாலிருந்து தள்ளிக் கரை சேர்த்ததாம், இவன் அதற்குக் கருப்பட்டி கொடுத்தானாம். திமிங்கலம் கருப்பட்டி தின்னுமா? யானை வெல்லம் தின்னும். அது உலகத்துக்கே தெரியும். கடல் கொள்ளைக்காரர்கள் இவன் பேச்சைக் கேட்டு அழுதார்களாம். கொள்ளைக்காரன் அழுவான், நான் பார்த்திருக்கிறேன், ஆனால் பீகார்க்காரன்தான் அழுவான்.

அன்றைக்கு வாசித்து முடித்ததும் பஸ் ஸ்டாண்டே என்னைப் பார்த்தது. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் ஒரு கண்டக்டர் வாயில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்திலும் அந்தப் புளுகன் களை இருந்தது.

"டிரைவர் அண்ணாச்சி, டீ சொல்லும்" என்றான் மாடசாமி.

"நான் எதுக்குல சொல்லணும்? நான் தோணி ஓட்டினவனா?"

"சரி, ஊருக்குப் பெரியவரு, நீரே சொல்லும்."

அது நியாயம். உண்மையான ஆள் வெட்கப்பட்டு முன்னால் வரமாட்டேன் என்கிறான், பால் கொதித்து நிற்கிறது, வயதில் மூத்தவன் சொல்வதுதான் மரியாதை. சொன்னேன். அப்புறம் அந்தச் சூசை வராத வாரமே கிடையாது. ஒவ்வொரு வாரமும் அந்த மரியாதை எனக்குத்தான்.

டீ போகட்டும் தம்பி. செண்பகத்தைச் சொல்லவேண்டும். அந்தச் சூசை வருகிற இடம் வந்தால் அவளால் வாசிக்க முடியாது. சிரிப்பு வந்துவிடும். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டு, ஒரு வரி வாசித்து, மறுபடி கழற்றுவாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் கடைப்பக்கம் போனால், கத்தரியை வைத்துப் பத்திரிகையை வெட்டிக்கொண்டிருக்கிறாள். விற்கிற சரக்கை வெட்டுகிற கடைக்காரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சூசை வருகிற பக்கங்களை மட்டும் வெட்டி, ஊசிநூலால் தைத்து வைத்திருக்கிறாள்.

"டாக்டர் வாற பக்கம் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு? அந்த மனுசன் பக்கத்துல உக்காந்தா மருந்து வாடைதான் அடிக்கும்."

சந்தோஷமாக இருந்தது. ஒரு தொல்லை ஒழிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. டாக்டர் போனான் என்றால், அப்போது அந்தத் தோணிக்காரன் அல்லவா உள்ளே வந்துவிட்டான்?

அன்றையிலிருந்து அவன் யார் என்று கண்டுபிடிப்பதே என் வேலையாகிவிட்டது. எங்கள் ஊர் கரிசல் காடு. மழை பெய்தால்தான் தண்ணீரே பார்ப்போம். தோணிக்காரனுக்கு எங்கே போவது? கருவாடு விற்கிறவரைப் பிடித்து விசாரித்தேன். தூத்துக்குடிக்கே ஒருநாள் போய்க் கடற்கரையில் நின்று, "இங்க பொய் சொல்லுத தோணிக்காரர் யாரு?" என்று கேட்டேன். "ஒருத்தர் மட்டுமா வேணும்?" என்று கேட்டார்கள்.

அப்புறம்தான் எங்கள் ஊர் நூலகத்தில் விழா வைத்து வைத்தியலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள், டாக்டர் கைலாசம் அளந்து பேசினார், அளந்து அளந்து வெகுநேரம் பேசினார். கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒரு டீச்சர் எழுந்து, இந்தப் பாத்திரங்களை எல்லாம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எல்லாம் கற்பனைதான்" என்றார் வைத்தியலிங்கம். கூட்டம் விடவில்லை. தங்கப்பழம் முகம் வாடிவிட்டது. உடனே அவர் மாற்றிச் சொன்னார். "ஒருத்தர் மூக்கை எடுப்பேன், இன்னொருத்தர் நடையை எடுப்பேன், உள்ள வைக்கிறதுக்கு மட்டும் வேற ஆள் கிடைக்காது. என் பயம், என் பொறாமை, என் ஆசை, அதைத்தான் வச்சு மூடுவேன். அதனால யாரும் கோவிச்சுக்காதீங்க. பாதி நான்தான்."

நான் எழுந்து நின்றேன். "சார், அந்தத் தோணிக்காரப் புளுகன் யாரு? அவனும் பாதி நீங்கதானா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் தம்பி. கண் கலங்கின மாதிரி இருந்தது. "இல்ல அண்ணாச்சி. அவரை மட்டும் வெட்டி ஒட்டலை. முழுசா அப்படியே தூக்கிட்டேன். சேர்க்கவும் ஒண்ணும் இல்ல, குறைக்கவும் மனசு வரலை."

"யாருன்னு கேட்டேன்."

"அது இந்த ஊர்ல அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது."

கூட்டம் கூரை பறக்கச் சிரித்தது. செண்பகம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்துவைத்தேன். எல்லாருக்கும் தெரிந்தது நமக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள். ஆக, ஆள் எங்கள் ஊரில்தான் இருக்கிறான். அவ்வளவு அடக்கமாக இருக்கிறான், தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று எனக்கு ஆச்சரியம்.

இப்போது உங்கள் கையில் இருக்கிறதே, இந்த வாரத்துப் பத்திரிகை, அதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. இதில் சூசை தோணியை எடுத்துக்கொண்டு போகிறான். புயல் வருகிறது என்று எல்லாரும் தடுக்கிறார்கள். "புயலா? அது எனக்குச் சின்ன வயசிலேருந்து பழக்கம்" என்கிறான். போகிறான். காற்று அடிக்கிறது. கரையில் நிற்கிறார்கள். தோணி வரவில்லை. தொடரும்.

செண்பகம் அந்தக் கடைசி வரியை வாசிக்கவில்லை. பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு யாரும் டீ கேட்கவில்லை. மாடசாமி பாலை இறக்கிவைத்துவிட்டான்.

எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்கிறீர்கள்? தொலைந்தான் என்று இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பொம்பளை சரியில்லை தம்பி. ஜோசியப் புத்தகம் கேட்டவனுக்குச் சமையல் புத்தகம் கொடுக்கிறாள். ஒருத்தன் காசு கொடுக்காமல் முழுப் பத்திரிகையும் நின்றபடி படித்துவிட்டுப் போகிறான், இவள் பேசாமல் இருக்கிறாள். நேற்றைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"டிரைவரே, மதுரையில வேலை ஏதும் இருக்கா?"

"இருந்தா?"

"அந்த மனுசனைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். தோணியைக் கரைக்குக் கொண்டாரச் சொல்லணும்."

"கதைதானே செண்பகம்" என்றேன்.

"கதைதான். அதனாலதான் சொல்லுதேன்." தைத்துவைத்திருந்த பக்கங்களை எடுத்து நீவிவிட்டாள். "எங்க வீட்டு மனுசன் தண்ணியில போனப்ப, திருப்பிக் கொடுன்னு யார்கிட்டப் போயிக் கேக்கணும்னு எனக்குத் தெரியலை. இந்தாளை யார்கிட்டக் கேக்கணும்னு தெரியுது. விலாசம் இருக்கு. கேக்காம இருந்தா எப்படி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேட்டேன். "அந்தப் புளுகனுக்காகவா இவ்வளவு?"

"ஆமா. அந்தப் புளுகனுக்காகத்தான்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன், தண்ணீர் வேறு கோத்திருந்தது. மதுரையில் நல்ல கண் டாக்டர் யாரென்று விசாரித்துவிட்டு வரவேண்டும்.

இன்று காலை பஸ் ஏற வந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறாள். கையில் இந்தப் பொட்டலம். புளியோதரை. ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? கண்டக்டரைக் கூப்பிட்டு, நான் கேட்கவே சொல்கிறாள்: "அண்ணாச்சி, இந்தத் தோணிக்காரரை மதுரை மாட்டுத்தாவணியில பத்திரமா இறக்கிவிடுங்க. பேச்சு சுவாரசியத்துல இறங்க மறந்துருவாரு. நாளைக்குள்ள அவரு எனக்குத் திரும்பி வந்தாகணும்."

கேட்டீர்களா? தோணிக்காரராம். அவன் நினைப்பு எவ்வளவு முற்றிப்போய்விட்டது பாருங்கள், ஆள் மாறி என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கண்டக்டர் சிரிக்கிறார். நீங்கள் ஏன் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்? வெயில் படுகிறதா?

ஊரிலிருந்து இங்கே வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். மூழ்கடித்துவிடுங்கள் என்று நான் சொன்னால் வைத்தியலிங்கம் கேட்பார். என் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு உண்டு. சூசை தொலைவான், என் பாதை சுத்தமாகிவிடும். ஆனால் அந்தப் பொம்பளை இன்னொரு தடவை கரையில் நிற்கவேண்டுமா? அது என்னால் முடியாது. அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். காப்பாற்றச் சொல்லப்போகிறேன். ஆனால் சும்மா இல்லை, ஒரு நிபந்தனையோடு. தோணி கரை சேரட்டும். சேர்ந்த கையோடு அந்தக் கரையில் அவனுக்காகக் காத்துக்கொண்டு ஒரு பொம்பளை நிற்கட்டும். அவன் வயசுக்கு ஏற்ற, வாய்த்துடுக்கான, அவன் சொல்கிற பொய்க்குச் சிரிக்கிற ஒருத்தி. அவளையே அவனுக்குக் கட்டிவைத்துவிடவேண்டும். அவனுக்கும் ஒரு வழி பிறந்துவிடும், நம் செண்பகமும் அவனை மறந்துவிடுவாள். இதைவிட நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

இல்லையல்லவா. மாட்டுத்தாவணி வரப்போகிறது, இறங்குகிறேன். புளியோதரையில் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஒரே ஒரு உபகாரம் தம்பி. கொஞ்சநாளில் இந்தப் பத்திரிகையில் சூசை நனைந்த தலையோடு கரையேறி, யாரோ ஒருத்தியைக் கைப்பிடித்தான் என்று படித்தீர்களானால், படித்து நீங்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொள்ளுங்கள். யார் சொல்லி அவன் பிழைத்தான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தத் தோணிக்காரன் காதுக்குப் போனால், நான் ஏதோ அவன் மேல் பாசம் வைத்துச் செய்தேன் என்று ஊர் பூராவும் அளந்துவிடுவான்.